காக்ளியர் இம்ப்ளாண்ட்: மூன்று கொட்டேஷன்களில் எதை எடுப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை. ஒலிக்குக் காது நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட்டில் 90 டெசிபலிலும் பதில் இல்லை. ஐந்து மாதமாக ஹியரிங் எய்டு போட்டும் பலன் தெரியவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டிலும் உள்காதில் இருக்கும் காக்ளியாவும் நரம்பும் சரியாக இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். கேட்க உதவும் கருவியைக் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் அடுத்த மாதம் திருச்சியில். காக்ளியர், மெட்-எல், அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் என்று மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன் கையில் இருக்கிறது. ஒருவர் 22 எலக்ட்ரோடு (நரம்பைத் தூண்டும் மின்முனை) என்கிறார். இன்னொருவர் 12தான், ஆனால் நீளம் அதிகம் என்கிறார். மூன்றாமவர் 16 எலக்ட்ரோடு, 120 சேனல் என்கிறார். கையில் இருக்கும் பணம் ஒரு காதுக்கு உயர்ந்த மாடல் வைக்கவோ, இரண்டு காதுக்கும் சாதாரண மாடல் வைக்கவோ போதும். வருமான வரம்பைத் தாண்டுவதால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வராது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் துபாயில் இருக்கிறார். அங்கே வாங்கி அனுப்பலாமா என்று கேட்கிறார். புது மாடல் வரப்போகிறது, ஆறு மாதம் பொறுங்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எதை எடுப்பது?
— வாசகி, பட்டுக்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று நிறுவனங்களின் கருவிகளும் நல்ல கருவிகளே. மூன்றையும் வைத்துக்கொண்டு தெளிவாகப் பேசி, சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்றையும் வைத்தும் பேச்சு சரியாக வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த இரு தரப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பிராண்டில் இருந்து வருவதில்லை. எந்த வயதில் ஆபரேஷன் நடந்தது, தினமும் எத்தனை மணி நேரம் கருவி தலையில் இருந்தது, மேப்பிங் (பிள்ளைக்கு ஏற்றபடி கருவியின் மின்சார அளவைத் திருத்துவது) ஒழுங்காக நடந்ததா, வீட்டில் பிள்ளையோடு எவ்வளவு பேசினார்கள், தெரபி நின்றுபோகாமல் தொடர்ந்ததா என்பவற்றில் இருந்து வருகிறது. ஆகவே தவறான பிராண்டை எடுத்துவிடுவோமோ என்ற பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவை வேறு சில. அவை கொட்டேஷன் தாளில் சிறிய எழுத்தில் இருக்கின்றன, அல்லது அதில் இல்லவே இல்லை.

உறவினர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: காத்திருக்க வேண்டாம். ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கான மூளைப் பாதைகள் முதல் மூன்று ஆண்டுகளில்தான் மிக வேகமாக உருவாகின்றன. உங்கள் மகனுக்கு இரண்டு வயது நெருங்குகிறது. இப்போது ஆறு மாதம் தள்ளிப்போடுவதால் போகும் இழப்பை எந்தப் புது மாடலும் ஈடுகட்டாது. புதிதாக வருவது பெரும்பாலும் காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவி, அதாவது ப்ராசசர்தான். அதைச் சில ஆண்டுகள் கழித்து ஆபரேஷன் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். உள்ளே வைப்பதை அப்படி மாற்ற முடியாது.

என் ஆலோசனை முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. உள்கருவியில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிக்கருவியில் விட்டுக்கொடுக்கலாம். வரும் ஆண்டுகளின் செலவுக்கான பணத்தை ஆபரேஷன் பணத்தோடு சேர்த்துச் செலவழித்துவிடாதீர்கள்.

எலக்ட்ரோடு எண்ணிக்கை

மூவரும் சொன்ன எண்கள் உண்மைதான். காக்ளியர் நிறுவனத்தின் நியூக்ளியஸ் வரிசையில் காதுக்குள் 22 எலக்ட்ரோடுகள். அட்வான்ஸ்டு பயோனிக்ஸில் 16. மெட்-எல்லில் 12 இடங்கள். ஆனால் 22 என்பது 12-ஐவிட ஏறக்குறைய இருமடங்கு நன்றாகக் கேட்கும் என்று அர்த்தமில்லை.

காக்ளியா நத்தை ஓடு போலச் சுருண்ட, திரவம் நிரம்பிய குழாய். அடிப்பகுதியில் கூர்மையான ஒலிகளும் உச்சிப்பகுதியில் கனத்த ஒலிகளும் உணரப்படுகின்றன. எலக்ட்ரோடு அனுப்பும் மின்சாரம் அந்தத் திரவத்தில் பக்கவாட்டிலும் பரவும். அதனால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஒரே நரம்புக் கூட்டத்தைத்தான் தூண்டுகின்றன. பல ஆய்வுகளில், சுமார் எட்டுத் தடங்களுக்கு மேல் போனால் பேச்சுப் புரிதல் பெரிதாகக் கூடவில்லை என்று கண்டிருக்கிறார்கள். நரம்புக்கு நெருக்கமாக ஒட்டிநிற்கும் எலக்ட்ரோடுகளில் இன்னும் சற்றுக் கூடுதல் தடங்கள் பயன்படலாம். நியூக்ளியஸ் கருவியின் வழக்கமான ஒலிமுறையே 22 எலக்ட்ரோடுகளையும் ஒரே சமயத்தில் ஓட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி வலுவாக உள்ள எட்டு அல்லது அதையொட்டிய எண்ணிக்கையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூண்டுகிறது. அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் சொல்லும் 120 என்பது 120 எலக்ட்ரோடு அல்ல. அடுத்தடுத்த இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு, இடைப்பட்ட இடங்களையும் தூண்டும் முறை அது. மெட்-எல் எண்ணிக்கையைக் குறைத்து நீளத்தில் போகிறது. 28 மி.மீ., 31.5 மி.மீ. நீள எலக்ட்ரோடுகள் காக்ளியாவின் இரண்டாம் சுற்றுவரை போய், கனத்த ஒலிகளுக்கான நரம்புகளைத் தொட முயல்கின்றன. மூன்றும் மூன்று வழிகள். பிறவியில் கேட்காத ஒரு குழந்தையின் பேச்சு வளர்ச்சியில் இவற்றில் ஒன்று மற்றவற்றை எப்போதும் வெல்லும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், அது விற்பனைப் பேச்சு.

எலக்ட்ரோடு வடிவம் முக்கியமாகும் இடங்கள் உண்டு. காக்ளியா குறைபாடாக உருவாகியிருந்தால், மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு உள்ளே எலும்பு வளர்ந்திருந்தால், திறக்கும்போது மூளைத் தண்டுவடத் திரவம் பீறிடும் வகை அமைப்பாக இருந்தால், அதற்கென்றே உள்ள எலக்ட்ரோடுகளை அறுவை மருத்துவர் கேட்பார். அப்போது பிராண்டை முடிவு செய்வது அவர்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஸ்கேன் இயல்பாக இருப்பதால் மூன்று நிறுவனங்களின் எலக்ட்ரோடும் பொருந்தும்.

ஆனாலும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவனுக்கு எந்த எலக்ட்ரோடை வைக்கப் போகிறீர்கள், ஏன்? அதை நீங்கள் அடிக்கடி வைக்கிறீர்களா?” வளைந்து நரம்பை அணைத்து நிற்கும் வகை எலக்ட்ரோடு குறைந்த மின்சாரத்திலேயே தூண்டும், ஆனால் நுழைக்கும்போது நுனி மடங்கிக்கொள்ளும் அபாயம் அதில் சற்று அதிகம். நேரான, மெல்லிய வகை காக்ளியாவின் வெளிச்சுவரை ஒட்டிப் போகும். மீதமிருக்கும் கேட்கும் திறனைக் காக்க ஏற்றது. ஆனால் நரம்பில் இருந்து சற்றுத் தள்ளி நிற்கும். எதுவானாலும், கை பழகிய எலக்ட்ரோடு நல்லது. ஆபரேஷன் மேசையிலேயே டெலிமெட்ரி (உள்கருவியை வெளியில் இருந்தே சோதிக்கும் முறை) பார்த்து எல்லா எலக்ட்ரோடும் வேலை செய்கிறதா, நரம்பு பதில் தருகிறதா என்று பதிவுசெய்வார்களா, எக்ஸ்-ரே எடுத்து நுனி மடங்கவில்லை என்று உறுதிப்படுத்துவார்களா என்றும் கேளுங்கள். அந்த எக்ஸ்-ரே படத்தின் நகலும் டெலிமெட்ரி தாளும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அவைதான் ஆதாரம்.

உள்கருவியின் பெயரைப் படியுங்கள்

கொட்டேஷனில் பெரிய எழுத்தில் இருப்பது ப்ராசசரின் பெயர். நீங்கள் தேட வேண்டியது உள்கருவியின் பெயரும் எண்ணும். ஒரே நிறுவனத்தின் உயர்ந்த தொகுப்பிலும் விலை குறைந்த தொகுப்பிலும் உள்கருவி வேறாக இருக்கலாம். இது பல பெற்றோருக்கு ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரிகிறது.

இதில் நேரடியாக உறைப்பது எம்.ஆர்.ஐ. விஷயம். உள்கருவிக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. இன்று இரண்டு வயதாகும் பிள்ளைக்கு வாழ்நாளில் முழங்காலுக்கோ முதுகுக்கோ தலைக்கோ ஒரு எம்.ஆர்.ஐ. தேவைப்படாது என்று யாரும் சொல்ல முடியாது. மெட்-எல்லின் சிங்க்ரோனி, அட்வான்ஸ்டு பயோனிக்ஸின் அல்ட்ரா 3டி, காக்ளியரின் புரொஃபைல் ப்ளஸ் ஆகியவற்றில் காந்தம் தானே திரும்பிக்கொள்ளும். அதனால் 3 டெஸ்லா என்ற வலுவான காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில்கூட காந்தத்தை எடுக்காமல் ஸ்கேன் செய்யலாம். காக்ளியரின் முந்தைய தலைமுறையான சி.ஐ.24ஆர்.இ., சி.ஐ.500 வரிசை போன்றவற்றில் 1.5 டெஸ்லாவுக்குத் தலையை இறுக்கிக் கட்ட வேண்டும். 3 டெஸ்லா என்றால் சின்ன ஆபரேஷன் செய்து காந்தத்தை எடுக்க வேண்டும். கட்டுப் போட்டும் காந்தம் இடம் பெயர்ந்து வலியெடுத்த நிகழ்வுகள் உண்டு. ஆகவே “இந்த உள்கருவிக்கு 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. காந்தத்தை எடுக்காமல் செய்யலாமா?” என்று எழுத்தில் கேளுங்கள். ‘முடியாது’ என்றால் அந்தத் தொகுப்பை ஒதுக்குங்கள். புதிய காந்தத்திலும் தலை ஸ்கேனில் காதைச் சுற்றி ஒரு நிழல் விழும். அதைத் தவிர்க்க முடியாது.

அடுத்தது நம்பகத்தன்மை. ஒவ்வொரு நிறுவனமும் தன் உள்கருவிகளில் எத்தனை சதவீதம் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் வேலை செய்கின்றன என்ற அறிக்கை வெளியிடுகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். எண் உங்களுக்குத் தரப்போகும் அதே மாடலுக்கானதா, அல்லது எல்லா மாடலும் சேர்ந்த சராசரியா? பெரியவர்கள் தனி, குழந்தைகள் தனி என்று பிரித்திருக்கிறதா? எத்தனை ஆண்டுத் தரவு? குழந்தைகள் விழுந்து தலையில் அடிபடுவதால் அவர்களின் எண் பெரும்பாலும் சற்றுக் குறைவாக இருக்கும். போன வருடம் வந்த மாடலுக்கு 99.9 சதவீதம் என்று போட்டிருந்தால் அது ஒரு வருடக் கணக்கு மட்டுமே.

“அந்தக் கம்பெனி திரும்பப் பெற்றதாமே” என்ற பேச்சும் உங்கள் காதுக்கு வரும். உண்மைதான்: 2010-இல் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் ஹைரெஸ் 90கே கருவியையும், 2011-இல் காக்ளியர் சி.ஐ.500 வரிசையையும், 2020-இல் மீண்டும் அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் அல்ட்ரா, அல்ட்ரா 3டி கருவிகளின் முதல் பதிப்பையும் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றன. இப்போது விற்கப்படும் அல்ட்ரா 3டி திருத்தப்பட்ட பதிப்பு. பழைய செய்தியை வைத்து இன்றைய கருவியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது: எந்த நிறுவனத்தின் உள்கருவியும் பழுதாகலாம். அப்போது யார் என்ன செலவைத் தாங்குவார்கள் என்பதை இப்போதே எழுதி வாங்க வேண்டும். உள்கருவிக்குப் பொதுவாக 10 ஆண்டு வாரண்டி தருகிறார்கள். பழுதானால் புதுக் கருவி கிடைக்கும். ஆனால் மறு ஆபரேஷனுக்கான மருத்துவமனைச் செலவு, மயக்க மருந்துச் செலவு பல ஒப்பந்தங்களில் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

நிறுவனமே கைவிட்டுப் போவதும் நடக்கும். இதே கருவிகளைச் செய்துவந்த ஓடிகான் மெடிக்கலின் தாய் நிறுவனம் காது இம்ப்ளாண்ட் தொழிலில் இருந்து விலகுவதாக 2022-இல் அறிவித்தது. 2024-இல் அதன் காக்ளியர் இம்ப்ளாண்ட் பிரிவை ஆஸ்திரேலியாவின் காக்ளியர் நிறுவனம் எடுத்துக்கொண்டது. உங்கள் கையில் உள்ள மூன்றும் நீண்ட காலமாக நிலைத்து நிற்பவை. விலை மிகக் குறைவு என்று நான்காவதாக யாராவது ஒரு பெயரைச் சொன்னால், தமிழ்நாட்டில் அதற்கு எத்தனை வருடமாக சர்வீஸ் நடக்கிறது என்று விசாரிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு காதா, இரண்டு காதா

உயர்ந்த மாடல் ஒரு காதுக்கா, சாதாரண மாடல் இரண்டு காதுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்கருவி இன்றைய தலைமுறையாக இருக்கும்பட்சத்தில், சாதாரண ப்ராசசரோடு இரண்டு காதுக்கும் வைப்பதையே நான் சொல்வேன். ஒலி எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று அறிவதற்கும், வகுப்பறை இரைச்சலில் பேச்சைப் பிரித்துக் கேட்பதற்கும் இரண்டு காது வேண்டும். ஒரு பக்கத்துக் கருவி ரிப்பேருக்குப் போனாலும் பிள்ளை ஒலியில்லாமல் உட்கார்ந்திருக்க மாட்டான். ப்ளூடூத்தும் தானாகச் சூழலைக் கண்டறியும் வசதியும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது தேவைப்படாது. அவனுக்கு வேண்டியது விடிந்ததில் இருந்து தூங்கும்வரை தெளிவாகக் கேட்கும் ஒரு கருவி.

ஆனால் இரண்டு காது என்றால் கேபிள், காயில் (காந்தத்தால் தலையில் ஒட்டிநிற்கும் வட்டத் துண்டு), பேட்டரி எல்லாம் இரட்டிப்பு. எல்லாச் சேமிப்பையும் ஆபரேஷனில் கொட்டிவிட்டு, ஆறாம் மாதம் கேபிள் அறுந்தபோது வாங்கப் பணமில்லாமல் கருவியை அலமாரியில் வைக்கும் நிலை வந்தால், இரண்டு காதாலும் பயனில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகும் முதல் இரண்டு ஆண்டுகளின் தெரபி, பயணம், உதிரிப்பாகம் ஆகியவற்றுக்குப் பணம் மிஞ்சுமா என்று கணக்குப் போடுங்கள். மிஞ்சாது என்றால் இப்போது ஒரு காதுக்கு வையுங்கள். மற்றதை முடிந்தவரை சீக்கிரம் வையுங்கள். அதுவரை மற்ற காதில் ஹியரிங் எய்டைக் கழற்றாதீர்கள். கொஞ்சமாவது ஒலி போய்ச் சேர்ந்தால் அந்தப் பக்க நரம்புக்கு நல்லது. இரண்டாவது காதுக்கும் அதே நிறுவனத்தையே எடுங்கள். ஒரு நிறுவனத்தின் ப்ராசசர் இன்னொரு நிறுவனத்தின் உள்கருவியோடு வேலை செய்யாது. இரண்டு பிராண்டு என்றால் இரண்டு மேப்பிங் மென்பொருள், இரண்டு வகை உதிரிப்பாகம், இரண்டு சர்வீஸ் சென்டர் என்று ஆகிவிடும்.

வெளிக்கருவி, உதிரிப்பாகம், மேப்பிங்

உங்கள் மகனின் வயதுக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் வகையே நல்லது. தலையில் பொத்தான் போல ஒட்டிக்கொள்ளும் ஒரே துண்டு வகை (மெட்-எல்லின் ரோண்டோ, காக்ளியரின் கான்சோ) பார்க்க அழகு. ஆனால் முழு எடையும் காந்தத்தின் மேல் நிற்கும். ஓடும்போது, சாயும்போது விழும். விழுந்தால் தேடுவது கஷ்டம். ரோண்டோ 3, கான்சோ 2 ஆகியவற்றில் பேட்டரி உள்ளேயே இருப்பதால் சார்ஜ் தீர்ந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டுவதில் சார்ஜ் தீர்ந்த பேட்டரியைக் கழற்றி அடுத்ததைப் போட்டுவிடலாம். சட்டையில் கோக்கும் பாதுகாப்புக் கயிறும், பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாத பூட்டும் தொகுப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 675 வகைப் பட்டன் பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்கினால் உயிராபத்து. பயன்படுத்தியதையும் வீட்டில் போட்டு வைக்காதீர்கள்.

காயிலின் காந்தம் பல வலுக்களில் வரும். வலு குறைந்தால் விழுந்துகொண்டே இருக்கும். அதிகமானால் தோல் சிவந்து புண்ணாகும். முதல் சில மாதங்கள் தினமும் காயிலுக்கு அடியில் தோலைப் பாருங்கள். சிவப்பு நிற்காமல் இருந்தால் காந்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி பழுதாவது கேபிள். அடுத்தது காயில், பிறகு மைக். பட்டுக்கோட்டை போன்ற கடற்கரையை ஒட்டிய பகுதியில் வியர்வையும் ஈர உப்புக் காற்றும் பேட்டரி முனைகளை அரிக்கும், மைக்கை அடைக்கும். இரவில் கழற்றியதும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பெட்டியில் வைப்பதைப் பழக்கமாக்குங்கள். உறிஞ்சும் குப்பியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மைக் கவரைக் கழற்றிப் போடும் மாடலாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மைக் சட்டென்று நின்றுபோவதில்லை, மெல்ல மங்கும். முதலில் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள்தான் காணாமல் போகும். அதைப் பிடிக்க ஒரு எளிய வழி: தினமும் காலையில் பிள்ளையின் பின்னால் நின்று ‘ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ்’ என்ற ஆறு ஒலிகளையும் சொல்லி, ஆறுக்கும் திரும்புகிறானா என்று பாருங்கள். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு காயில், பிறகு பேட்டரி. அப்படியும் சரியாகவில்லை என்றால் அன்றே ஆடியாலஜிஸ்டைக் கூப்பிடுங்கள்.

ஆகவே கொட்டேஷனில் ப்ராசசரோடு என்னென்ன வருகிறது என்று எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு காதுக்கும் எத்தனை ரீசார்ஜபிள் பேட்டரி, எத்தனை மாற்றுக் கேபிள், மாற்றுக் காயில் உண்டா, ஈரம் உறிஞ்சும் பெட்டி உண்டா. மூன்று நிறுவனங்களிடமும் கேபிள், காயில், பேட்டரி, வாரண்டி முடிந்த பிறகு ப்ராசசர் ஆகிய நான்கின் இன்றைய விலைப்பட்டியலையும் வாங்குங்கள். மொத்த விலையில் மலிவாகத் தெரிந்தது உதிரிப்பாக விலையைச் சேர்த்தால் மலிவாக இல்லாமல் போகலாம்.

வாரண்டியில் நான் பார்க்கச் சொல்வது இவை: காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது — பில் தேதியா, ஆபரேஷனா, கருவியை முதன்முதலில் இயக்கும் ஸ்விட்ச் ஆன் நாளா? கேபிளும் பேட்டரியும் அதில் சேருமா? தொலைந்தால் என்ன? ரிப்பேர் ஆகும்வரை மாற்று ப்ராசசர் தருவார்களா, எத்தனை நாளில்? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். மூன்று வாரம் ஒலியில்லாமல் இருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை, கற்ற ஒலிகளிலேயே பின்வாங்கும்.

விலை குறைந்த தொகுப்பில் இன்னொரு கேள்வி உண்டு: “இந்த ப்ராசசர் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா? உதிரிப்பாகம் இன்னும் எத்தனை ஆண்டு வரும்?” ஒரு தலைமுறை பழைய ப்ராசசர் பரவாயில்லை. நிறுத்தப்போகும் மாடலை வாங்கினால், வாரண்டி முடியும் சமயத்தில் கேபிளே கிடைக்காமல், புதிதாக ப்ராசசர் வாங்கும்படி ஆகிவிடும். “பிற்பாடு எந்த ப்ராசசருக்கு மாற முடியும்?” என்பதற்கும் பெயரோடு பதில் வாங்குங்கள்.

அடுத்து மேப்பிங். காயம் ஆறி, ஆபரேஷன் முடிந்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். அன்று மிகக் குறைந்த அளவில்தான் ஒலி கொடுப்பார்கள். முதல் சில மாதங்கள் அடிக்கடியும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையும் ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் மின்சார அளவைத் திருத்த வேண்டும். முதல் ஆண்டில் மட்டும் எட்டுப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு எது சத்தமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாது. அவன் முகத்தையும் நடத்தையையும் பார்த்து அளவு வைக்கத் தெரிந்த கை வேண்டும். ஆகவே நிறுவனப் பிரதிநிதி “எல்லா ஊரிலும் சர்வீஸ் இருக்கிறது” என்றால் நிற்காதீர்கள். தஞ்சாவூரிலா, திருச்சியிலா, எந்த சென்டர், எந்தக் கிழமை, அங்கே நிரந்தர ஆடியாலஜிஸ்டா, மாதம் ஒருமுறை சென்னையில் இருந்து வருபவரா, கட்டணம் தொகுப்பில் அடங்கியதா, எத்தனை தடவைக்கு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த சென்டருக்கு நீங்களே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். மூன்று கருவிகளும் நல்லவை என்றான பிறகு, பட்டுக்கோட்டையில் இருந்து காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் எந்த நிறுவனத்துக்கு அனுபவமுள்ள மேப்பிங் இருக்கிறதோ, அதுவே உங்களுக்கான பிராண்டு. சமமாக இருந்தால் டாக்டரின் கைப்பழக்கம் முடிவு செய்யட்டும்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: துபாயில் வாங்கும் உள்கருவியையோ ப்ராசசரையோ இங்கே வாரண்டியில் பார்ப்பார்களா என்பதை இந்திய அலுவலகம் எழுத்தில் தராமல் அங்கே வாங்க வேண்டாம். சேமிக்கும் பணத்தைவிட, சர்வீஸ் மறுக்கப்பட்டால் வரும் நஷ்டம் பெரிது.

தெரபியைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்விட்ச் ஆன் நாளில் இருந்துதான் அவனுடைய கேட்கும் வயது தொடங்குகிறது. முதல் வாரத்தில் பேச்சு வராது. வாரம் ஒருமுறையாவது ஏ.வி.டி. (கேட்டுப் பேசப் பழக்கும் பயிற்சி) கொடுக்கும் தெரபிஸ்டை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துப் பேசி, நாள் குறித்துவிடுங்கள். கருவி எத்தனை மணி நேரம் தலையில் இருந்தது என்பதை இன்றைய ப்ராசசர்கள் தாமே பதிவுசெய்யும். ஒவ்வொரு மேப்பிங்கின்போதும் அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுத் திட்டம் பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். வாய்வழிப் பேச்சை வைத்து விட்டுவிடாமல், வருமானச் சான்றிதழில் என்ன வருகிறது என்று ஒருமுறை வி.ஏ.ஓ., தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்திலும் பிள்ளைகளுக்கு இம்ப்ளாண்ட் உண்டு. இந்த வழிகளில் பிராண்டு உங்கள் கையில் இருக்காது. அரசு கொள்முதல் செய்த கருவிதான். அதற்காக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே வரிசை நீளம் என்றால், நாள் தள்ளிப்போவதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். உள்கருவி வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். பென்டாவேலன்ட் ஊசிகள் முழுமையாகப் போட்டிருந்தால் மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் (Hib) கிருமிக்கான தடுப்பூசி அதில் அடங்கிவிட்டது. நியூமோகாக்கல், அதாவது பி.சி.வி. தனி ஊசி, தவணை விடுபட்டிருந்தால் ஆபரேஷனுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட்டாக வேண்டும். இரண்டு வயது முடிந்ததும் பி.பி.எஸ்.வி.23 என்ற இன்னொரு நியூமோகாக்கல் ஊசியும் தேவை. அதன் தேதியைக் குழந்தை மருத்துவரிடம் இப்போதே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் சளி, காய்ச்சல், காதில் சீழ் எது வந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தவறில்லை. ஆபரேஷன் முடிந்து வரும்போது உள்கருவியின் பெயர், சீரியல் எண், எந்தக் காது, எத்தனை டெஸ்லா எம்.ஆர்.ஐ. வரை செய்யலாம் ஆகியவை உள்ள அடையாள அட்டையை வாங்காமல் கிளம்பாதீர்கள். அதன் படத்தை உங்கள் போனிலும் கணவர் போனிலும் வையுங்கள். பின்னாளில் வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் அதைக் காட்டி, மோனோபோலார் காட்டரியை (மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) தலை, கழுத்துப் பக்கம் பயன்படுத்தக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.